சாடை ஸ்டேட்டஸ்

“ஷெட்டுக்குள் செல்போன் கொண்டு வரக்கூடாது. ரீல்ஸ் எடுக்கக்கூடாது. சரிப்பா, வண்டிக்காரன் கூப்பிட்டா யாரு எடுக்கிறது?” என்று கேட்டார் ஜெய்லானி பாய்.

“மேனேஜர் மட்டும் வச்சுக்கலாம் பாய்” என்றான் மேனேஜர் சுரேஷ்கண்ணன்.

கம்பத்தில் பாயின் திராட்சை மண்டியைத் தெரியாதவர் கிடையாது. அங்கே பேக்கிங்குக்கு வரும் திரிஷா, பழப்பெட்டி மேல் ஏறி நின்று ஆடி ஒரு ரீல்ஸ் போட்டுவிட்டாள். அது நேரே கோட்டயத்து வியாபாரி கண்ணில் பட்டுத் தொலைத்தது. “இதாணோ பாய் நிங்கட சுத்தம்?” என்று அந்த மனுஷன் கேட்டுவிட, செல்போனுக்குச் சட்டம் எழுதும் வேலை சுரேஷ்கண்ணன் தலையில் விழுந்தது.

கடைசி விதியைக் கொஞ்சம் அழுத்தியே வாசித்தான். “ஸ்டேட்டஸ் மூலம் யாரையும் சாடையாகக் குத்திக்காட்டினால் உடனடி வேலை நீக்கம்.”

“இது எதுக்குப்பா? ஸ்டேட்டஸ் அவுகவுக சொந்த விஷயம்.”

“நம்ம சுப்புத்தாய் வைக்கிறதப் பாத்தா இப்படிச் சொல்ல மாட்டீக பாய்.”

போனை நீட்டினான். பெரிய ரோசாப்பூ. கீழே கொட்டை எழுத்தில், ‘கூட இருந்தே குழி பறிப்பவனைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இனிய காலை வணக்கம்.’

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காலை வணக்கந்தானப்பா சொல்லிருக்கு!”

சுரேஷ்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மயில் படம் போட்டு, ‘பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது.’ அதற்கு முன்னால் குத்துவிளக்கு போட்டு, ‘பழி போட்டவனைப் பாவம் விடாது.’ பாவி, தினம் ஒன்று வைக்கிறாள்! அவனும் சும்மா இருக்கிறானா? விடிந்ததும் பல்கூட விளக்காமல் முதல் வேலையாக அதைத்தான் தேடிப் பார்க்கிறான். சோறு இறங்குவதில்லை. இவளை வெளியே அனுப்பினால்தான் நமக்குத் தூக்கம் என்று முடிவே கட்டிவிட்டான்.

“ஆத்தாவை வரச் சொல்லு. நேரடியா கேட்டுருவோம்” என்றார் பாய்.

அழுகின பழம் நறுக்கும் கத்திரியோடு அப்படியே வந்து நின்றாள் சுப்புத்தாய். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இந்த மண்டி வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

“கூப்பிட்டீகளா முதலாளி?”

பாய் வாயைத் திறப்பதற்குள் சுரேஷ்கண்ணன் முந்திக்கொண்டான். “யாரச் சாடை பேசுறக்கா? என்னையத்தான?”

“நான் என்ன தம்பி பேசுனேன்?”

“நடிக்காத! ஊரே பாக்குற மாதிரி ஸ்டேட்டஸ்ல தெனம் ஒண்ணு வைக்கிறியே, அது?”

“அதா? குரூப்புல வருது. பாக்க நல்லாருக்கும், எடுத்து வச்சுக்கிருவேன். தப்பா தம்பி?” கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். “வேலையவிட்டு நிப்பாட்டிறாதீக. இனிமே வைக்கல.”

‘நல்லாருக்கும்’ என்றாளே, அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது.

“நல்லாருக்குமா? ஏன் நல்லாருக்காது! போன மாசம் கோட்டயம் லோடு அழுகிப் போனப்ப, நீ ஈரத்தோட பேக் பண்ணிட்டேன்னு பாய்கிட்டச் சொன்னேன். வாஸ்தவம். நான் செல்லுல மேட்ச் பாத்துக்கிட்டு, வண்டிக்காரன் போனை எடுக்காம விட்டதுலதான் லோடு வெயில்ல கெடந்துச்சு. அதுவும் வாஸ்தவந்தான். அதுக்குன்னு ஒரு மனுஷனை இப்படியா தெனமும் சந்தி சிரிக்க வைப்ப?”

சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் நின்று பேசுகிறோம் என்பதே அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாய் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவனையே பார்த்தார்.

சுப்புத்தாய் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் கேட்டாள்:

“நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லையே தம்பி. பூவும் மயிலும் அழகா இருக்கேன்னுதான் வச்சேன். அதுல இம்புட்டுமா எழுதியிருக்கு?”