நடக்கும் ஆஸ்பத்திரி

தூங்கவிடக் கூடாது. இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான்.

தோளில் மகள். ஏழு வயது. வலது கணுக்காலில் இரண்டு புள்ளிகள், எறும்பு கடித்த தடம் மாதிரி. அவ்வளவு சின்னது. விறகுக்கு அடியில் கிடந்தது கட்டுவிரியன் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தூங்கினால் விஷம் ஏறிவிடும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கணவன் சடையன் முன்னால் ஓடிவிட்டான். பாறைமேல் ஏறி, சிக்னல் பிடித்து, ஆம்புலன்ஸுக்குப் பேசியது அவன்தான். மலையடியில் தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டி நிற்கும். ஒருத்தர் போய் வழி சொல்ல வேண்டும். மகளோ அம்மாவின் கழுத்தை விடமாட்டேன் என்றாள்.

ரோடு அதற்கு மேல் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வரும் என்பார்கள். ஓட்டுப்பெட்டி மட்டும் கழுதைமேல் வந்துவிட்டுப் போகும்.

"அம்மா, கண்ணு சொருகுது."

முழிச்சிக்கோ, கதை சொல்கிறேன் என்றாள்.

மூச்சு இரைக்கிற இறக்கத்தில் ஒரு கதையும் நினைவுக்கு வரவில்லை. வந்தது ஒரு சொல்.

அந்த மலையில் இங்கிலீஷ் பி.ஏ. படித்தவள் அவள் ஒருத்திதான். மூன்று வருடம் கீழே விடுதியில் தங்கிப் படித்ததெல்லாம் அடுப்படியில் கரைந்துபோயிற்று. ஆம்புலன்ஸ் என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது. வகுப்பில் அது பிறந்த கதையைச் சொன்னபோது இவள் வாய்விட்டுச் சிரித்துத் திட்டு வாங்கியிருந்தாள்.

ஆம்புலன்ஸ் என்றால் முதலில் வண்டியே இல்லை, பாப்பா. நடக்கிறது என்று அர்த்தம்.

மகள் தலையைத் தூக்கினாள். எது நடக்கும் என்று கேட்டாள்.

தூக்கிவிட்டாள். அது போதும்.

அவள் கதையை இழுக்க ஆரம்பித்தாள். ரொம்ப காலத்துக்கு முன்னால், பிரான்ஸ் தேசத்தில் ஓயாத சண்டை. அடிபட்டவனால் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. விழுந்த இடத்திலேயே கிடப்பான். அதனால் ஆஸ்பத்திரியையே எழுப்பி நடக்க வைத்தார்கள். கூடாரம், கட்டில், மருந்து, டாக்டர், எல்லாம் பட்டாளத்துக்குப் பின்னாலேயே போகும். நடக்கும் ஆஸ்பத்திரி என்று பேர்.

பாதை ஓடைக்குள் இறங்கியது. கல்லெல்லாம் பாசி. காலை ஊன்றி ஊன்றி வைத்தாள்.

கழுத்தில் மகளின் பிடி தளர்ந்தது.

உலுக்கினாள். கேளு பாப்பா. அவ்வளவு நீளப் பேரை யார் சொல்லிக்கொண்டிருப்பது? போகப் போக ஆஸ்பத்திரியை விட்டுவிட்டார்கள். நடக்கிறதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சொல்லும்போதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. நமக்கும் நடையை மட்டும்தானே விட்டுவைத்தார்கள்.

அதை மகளிடம் சொல்லவில்லை.

"அப்ப நம்ம ஊருக்கு ஏம்மா நடந்து வரல?"

நாக்கு தடித்து, பேச்சு குழறி வந்தது.

வரும் என்றாள். இன்றைக்கு வரும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் நீயே பார்க்கலாம்.

பொய்தான். மகள் முழித்திருப்பாள் என்றால் மலை இறங்கி முடிகிறவரை பொய் சொல்ல அவள் தயார்.

யார் முன்னால் வருவார்கள், யார் பின்னால் வருவார்கள் என்று அடுக்கிக்கொண்டே நடந்தாள். டாக்டருக்கு ஒரு கண்ணாடி மாட்டினாள். நர்ஸுக்கு மகளின் டீச்சர் முகத்தைக் கொடுத்தாள். மருந்துப் பெட்டியைச் சுமக்க, ஓட்டுப்பெட்டி சுமந்த அதே கழுதையைக் கூட்டி வந்தாள். கழுதைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டாள்.

பதில் வரவில்லை.

யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மகளின் எச்சில் தோளில் வழிந்தது. சூடாக இருந்தது. சூடு இருக்கிறது அல்லவா என்று நடையை எட்டிப் போட்டாள். கழுதைக்குத் தானே ஒரு பேர் வைத்தாள். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

அதற்கும் பதில் இல்லை. அவள் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது.

வளைவு திரும்பியதும் கீழே ஆட்கள் தெரிந்தார்கள்.

முன்னால் சடையன், தலையில் ஒரு பெட்டியோடு. அவன் பின்னால் ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், தோளில் ஆக்ஸிஜன் சிலிண்டர். அவருக்கும் பின்னால் டிரைவர், மடக்கிய ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு. வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறார்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அங்கேயே நில்லும்மா என்று கையைக் காட்டினார்கள்.

நின்றாள். மகளை இறக்கவில்லை.

சிலிண்டர்க்காரர்தான் முதலில் வந்து சேர்ந்தார். மகளின் கழுத்தில் விரல் வைத்தார். விரலை இடம் மாற்றி வைத்தார். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் தோளிலிருந்த சிலிண்டரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

அதைத் திறக்கவில்லை.

சடையன் தலைச்சுமையோடு நின்றுகொண்டிருந்தான். இறக்கு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் மகளின் மோவாயைப் பிடித்து, முகத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பினாள்.

"கண்ணத் திற பாப்பா. நடந்து வந்துடுச்சு பாரு."