வெள்ளைக்கார் பீர் முகமது

ராஜபாளையத்துக் கார் புரோக்கர் ஜாபிர், காலையில் டீ குடித்ததும் முதலில் படிப்பது சுவரைத்தான். யார் போனார், போனவர் எந்த வண்டியை விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் அவர் தொழில். செய்தித்தாளை நம்பினால் மற்ற புரோக்கர்கள் முந்திக்கொள்வார்கள்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அவருக்கென்றே ஒட்டியது போல ஒரு மரண அறிவிப்புப் போஸ்டர் இருந்தது. 'வெள்ளைக்கார் பீர் முகமது அவர்கள் வஃபாத்தானார்.' பெயரிலேயே கார். கீழே முகவரி.

எட்டாம் நாள் போனார். அதற்கு முன் போனால் வீட்டில் அழுகை ஓயாது. நாற்பதாம் நாள் கழிந்தால் மச்சினன்மார் விலை பேச வந்துவிடுவார்கள். எட்டாம் நாள்தான் பதம்.

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து, இறந்தவரின் மனைவி ஹபீபுன்னிசா சலாம் சொன்னாள். இத்தா இருப்பவள், நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முன் வரமாட்டாள். இந்த வழக்கத்தின் மேல் ஜாபிருக்கு அளவற்ற மரியாதை. எட்டி வந்து பானெட்டுக்குள் பார்க்க மாட்டாள் அல்லவா!

பேரீச்சம்பழப் பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு ஜாபிர் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டார். “அவியளும் நானும் கூடப் பொறந்த மாதிரி, தங்கச்சி. நேத்து கனவுல வந்து, ஹபீபுவப் பாத்துக்கோ ஜாபிருன்னு சொல்லிட்டுப் போறாவ.”

ஜன்னலிலிருந்து பொட்டலம் உள்ளே போனது.

“கனவுல நல்லா இருந்தாவளா அண்ணே?”

“மொகம் அப்படியே நெலா மாதிரி!”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றது குரல். “வண்டிய வச்சு நான் என்ன செய்யப்போறேன்? அத வித்துத்தான் எம்மவ ஷிஃபாவ கிருஷ்ணன்கோவில் காலேஜுல சேக்கணும். அவிய ஒரு வெல சொல்லிட்டுப் போயிருக்காவ. அதுல கொறைக்க மாட்டேன்.”

“நீ ஏன் கொறைக்க? செத்த நேரம் பொறு, வண்டியப் பாத்துட்டு வாரேன்.”

கொட்டகையில் நின்ற வெள்ளை வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. பூனை போலச் சத்தம். ஜாபிரின் மடியில், அன்று காலை மனைவி ஷமீமாவுக்குத் தெரியாமல் அவளுடைய வளையல்களை அடகு வைத்த பணம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் தம்பிக்கு நிக்காஹ். அவள் பீரோவைத் திறப்பதற்குள் இந்த வண்டியைத் தோப்புக்காரர் சோலைராஜிடம் தள்ளிவிட்டு வளையலை மீட்டாக வேண்டும்.

அவர் பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் சூட்டைப் பார்க்கும் சென்சாரிலிருந்து ஒரு வயர் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளுக்குப் போகும். அதைப் பிடுங்கி இன்ஜின் இரும்பில் தொடவிட்டால் போதும். பச்சைத் தண்ணீராகக் கிடக்கும் வண்டியும் முள்ளைச் சிவப்புக் கோடு வரை ஏற்றி, அபாய விளக்கையும் எரியவிடும். மெக்கானிசத்தில் ஜாபிருக்குத் தெரிந்தது இந்த ஒரு வயர்தான். இதை வைத்தே மாடி கட்டியிருந்தார்.

“தங்கச்சி, மனசத் தேத்திக்கோ,” என்றார், வீட்டில் இரண்டாவது சாவைச் சொல்பவர் போல. “இன்ஜின் கொதிக்கி. ஹெட்டு போயிட்டும்மா.”

டாஷ்போர்டைச் செல்போனில் படம் பிடித்து, திரைக்கு அடியில் நீட்டினார். வளையல் இல்லாத ஒரு கை அதை வாங்கியது. விசும்பல் கேட்டது.

“அவிய ஓட்டும்போது ஒருநாள்கூட முள்ளு ஏறினதில்லையே அண்ணே!”

“அவிய போன துக்கம் வண்டிக்கும் இருக்கும்லா?”

கடைசியில் பாதி விலைக்கு இறங்கினாள். “கூடப் பொறந்த மாதிரின்னு சொல்லிட்டிய. பொறவு நான் என்ன பேச?” ஆர்.சி. புத்தகமும் கையெழுத்துப் போட்ட பாரங்களும் ஜன்னலுக்கு வந்தன. ஜாபிருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கேட்டைத் தாண்டும் வரை இருந்தது.

ஊர் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, வயரை இருந்த இடத்தில் மாட்டினார். முள் சரேலென்று விழுந்து அடிக்கோட்டில் படுத்தது. ஏசியை முழுசாகத் திருகிவிட்டு ஓட்டினார். கால் மணி நேரமாகியும் முள் அசையவில்லை. ‘என்ன இன்ஜின்யா! சூடே ஏறமாட்டேங்குதே’ என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

ராஜபாளையம் எல்லையில் பானெட்டிலிருந்து புகை பொங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது. வண்டி நின்றது. அப்போதும் முள் அடிக்கோட்டில்தான் இருந்தது.

கயிறு கட்டி இழுத்துவந்த வண்டியை, மெக்கானிக் பால்பாண்டி நிதானமாகப் பார்த்தார்.

“ஓடுற வண்டியில முள்ளு பாதிக்காவது வரணும், பாய். அடியிலயே கெடந்தா இன்ஜின் நல்லாருக்குன்னா அர்த்தம்? சென்சார் செத்துட்டுன்னு அர்த்தம். ஹெட்டு எப்பவோ வெடிச்சிருக்கு. எவனோ பசை போட்டு அடைச்சு, பத்து கிலோமீட்டர் தாங்குற மாதிரி விட்டிருக்கான்.”

“லைட்டு எரிஞ்சுதேப்பா...” என்று ஆரம்பித்த ஜாபிர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எரியத்தான் செய்யும். புரோக்கர் அம்புட்டுப் பேரும் அந்த வயரத்தான புடுங்குதிய. தான் ஏத்துன லைட்டுன்னு தெரிஞ்சப்புறம் எவன் இன்ஜினச் சந்தேகப்படுவான்? யாரு வண்டி இது?”

“பீர் முகமதுன்னு ஒருத்தர். மவுத்தாகி எட்டு நாளாச்சு. பாவம், ஒனக்கு அவரத் தெரியுமா?”

பால்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டே, பட்டறையின் பின்பக்கம் நின்ற இரண்டு வெள்ளைக் கார்களைக் காட்டினார்.

“நல்லாத் தெரியும் பாய். கிருஷ்ணன்கோவில்ல ஒருக்க மவுத்தானாரு, வ. புதுப்பட்டியில ஒருக்க, இது மூணாவது.”