சத்தம் போடாத பெட்டி

"டமார்னு ஒரு சத்தம் வரோணுமே, எங்க அம்மிணி?"

குழந்தைவேல் பச்சைப் பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார். வெள்ளை வேட்டி, விரலில் கல் மோதிரம், குரலில் அதிகாரம்.

"வராதுங்க. வராம இருக்கத்தான் இந்தப் பெட்டி" என்றாள் சித்ரா.

குமாரபாளையத்து ஆட்டோ லூம் கூடம் அது. கரண்ட் பில்லைக் குறைக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரேக்கர் சுவிட்சைப் போட்டாலே இங்கே வெடிச்சத்தம்தான். கூடவே அவ்வப்போது தறிகளில் எலக்ட்ரானிக் கார்டு கருகும். அதைத் தடுக்கும் பெட்டியைச் சேலத்திலிருந்து கொண்டுவந்து சோதனைக்கு மாட்டியிருந்தாள் சித்ரா. பிடித்தால் வாங்குவார்கள். பிடிக்காமல் ஏற்கெனவே இரண்டு மில்லில் கழற்றியாயிற்று. இதையும் கழற்றிக்கொண்டு வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

குழந்தைவேல் பெட்டியைத் தட்டினார். முகர்ந்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குது?"

"வோல்டேஜ் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கிட்டே இருக்குமுங்க. உச்சியில இருக்கறப்ப பிரேக்கர் சேர்ந்தா அதிர்ச்சி. சைபருக்கு வர்ற சமயம் பார்த்து இந்தப் பெட்டி சேர்த்து வைக்கும்."

"அமுக்கறது நானு, நேரம் குறிக்கறது பொட்டியா? ராகு காலம், எமகண்டமெல்லாம் பாக்குமா?"

வாசலோரம் தரையில் உட்கார்ந்து, துணியில் முடிச்சுப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் தலையெல்லாம் பஞ்சு.

"கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிருமுங்க, முதலாளி."

"முடியும், முடியும். என்ற கண்ணுல ஒண்ணும் தெரியலயே! பிரேக்கர் நெசமாவே சேந்துச்சான்னே சந்தேகமா இருக்குது."

சித்ராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெட்டி இல்லாம ஒருக்கா போட்டுக் காட்டட்டுங்களா? கார்டு போனா என்னைச் சொல்லக் கூடாது."

"போனாப் போகுது, போடுங்க!"

பெட்டியின் இணைப்பை மட்டும் விலக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

டமார்!

விளக்குகள் துடித்தன. வாசலோரத்துப் பெண்மணி பதறி எழுந்தார். குழந்தைவேலின் முகம் மட்டும் மலர்ந்தது.

"இதல்லவா பிரேக்கரு!" என்றவர், தறிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "ஒரு கார்டும் கருகலையே அம்மிணி! பொட்டி இல்லாமயே நல்லாத்தான இருக்குது? அப்பறம் எதுக்கு இந்தத் தண்டச் செலவு? கழட்டிட்டுக் கெளம்புங்க."

 சித்ராவின் கண்முன் மேனேஜரின் முகம் வந்து நின்றது. திருப்புளியை எடுத்துப் பெட்டியின் திருகாணியில் வைத்தாள்.

"உடு சாமி, அதைத் தொடாத" என்றார் அந்தப் பெண்மணி. "பொட்டி இங்கயே இருக்கட்டும். பில்லு போட்ரு."

"முதலாளி வேண்டாங்கறாரேங்க?"

குழந்தைவேல் அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தறிக்கெல்லாம் முதலாளி நான்தாஞ்சாமி" என்றார் அந்தப் பெண்மணி, தலையிலிருந்த பஞ்சைத் தட்டியபடி. "இவரு எங்க தறியில கருகுன கார்டெல்லாம் ரிப்பேர் பண்ணியே மாடி ஊடு கட்டுன மனுசன். இவரே இந்தப் பயம் பயந்தா, பொட்டி வேலை செய்யும்னு வேற எவஞ்சொல்லோணும்?"