சோபாக்காரர் அடித்த வட்டம்

"மேடம், அதே மஞ்சள் வேன்! மறுபடியும் வருது!"

கால்குலேட்டர் துள்ளி எழுந்தார். மனக்கணக்கில் புலி என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அது.

பெண் இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தாள். விடிந்ததிலிருந்து அவளுடைய குழு நெடுஞ்சாலை ஓரத்தில் குடை நட்டு, போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது. நாலு வழிச் சாலையை ஆறு வழியாக்குவதா, எட்டு வழியாக்குவதா என்பதை இந்த எண்ணிக்கைதான் முடிவு செய்யும். எட்டு என்றால் ஓரத்து மரங்கள் மொத்தமும் காலி.

அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை இது. எண்ணிக்கையில் கள்ளம் புகுந்தால் அறிக்கை குப்பைக்கூடைக்குத்தான்.

வேனின் பக்கவாட்டில் ஒரு பெரிய சோபா படம். ஓட்டியவர் எதிரே இருந்த சோபாக் கடையின் முதலாளியேதான். இவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார்.

"திமிரைப் பார்த்தீங்களா மேடம்? கருத்துக் கேட்புக் கூட்டத்துல 'எட்டு வழி போடுங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தினாரே, அந்த ஆள்தான்!"

"எட்டு வழின்னா அவர் கடையே போயிடுமே சார்?"

"போகணும்னுதான் பார்க்கிறார்! நஷ்டஈட்டை வாங்கிக்கிட்டு, விக்காத சோபாவுல காலை நீட்டிப் படுத்துக்கலாமே. அதுக்குத்தான் வட்டமடிச்சு நம்ம எண்ணிக்கையை ஏத்திவிடறார்."

அவளுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"எண்ணுறதை மத்தவங்க பார்த்துக்கட்டும். ஜீப்பை எடுங்க சார். கையும் களவுமா பிடிச்சிடுவோம்!"

ஜீப் சீறியது. முன்னால் மஞ்சள் வேன், பின்னால் இவர்கள். நடுவே ஒரு லாரி வழிவிடாமல் படுத்தியது.

"விட்டுடாதீங்க சார், விட்டுடாதீங்க!"

"என்கிட்டயா மேடம்?" என்று கால்குலேட்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வேன் வெகுதூரம் போய், சாலைத் தடுப்பில் இடைவெளி வந்த இடத்தில் திரும்பியது. மறுபக்கமாகவே வந்து, பள்ளிக்கூட வாசலில் நின்றது. இவர்களும் பின்னாலேயே போய் நின்றார்கள்.

"மாட்டினார்!" என்று குதித்து இறங்கினாள் அவள்.

வேனின் கதவு திறந்தது. புத்தகப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பிள்ளைகள் பொலபொலவென்று இறங்கினார்கள்.

"தள்ளாம இறங்குங்க கண்ணுகளா!" என்ற முதலாளி இவளைப் பார்த்தார். "வாங்கம்மா! அத்தனை தடவை கையாட்டினேன், நீங்க ஒரு தடவை ஆட்டக் கூடாதா?"

"என்ன சார் இது?"

"வீடெல்லாம் அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். லாரி பறக்கிற ரோட்டுல தடுப்பு மேல ஏறிக் குதிக்குதுங்க. பார்த்துக்கிட்டு சும்மா உட்கார முடியலைம்மா. அதான், தினமும் கடை திறக்கிறதுக்கு முன்னாடி நாலைஞ்சு நடை அடிச்சிடுறேன்."

கால்குலேட்டர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

அவளுக்கு இன்னும் ஒன்று புரியவில்லை.

"அப்புறம் ஏன் எட்டு வழி கேட்டீங்க? உங்க கடையும் போகும், இவங்க கடக்கிறதும் இன்னும் கஷ்டமாயிடுமே?"

முதலாளி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எட்டு வழி போட்டாத்தான் நடந்து போறவங்களுக்குச் சுரங்கப்பாதை, ஆறு வழிக்கெல்லாம் கிடையாதுன்னு அன்னிக்குக் கூட்டத்துல மேடையேறிச் சொன்னதே நீங்கதானேம்மா?"