ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த பதில்

"வந்துருச்சா?"

இரண்டு மாதமாக நப்தலி இதே கேள்வியோடுதான் என் கடைக்குள் நுழைகிறார்.

"வந்துருச்சு" என்றேன்.

கைத்தடியைப் புத்தக ஏணியில் மாட்டிவிட்டு அவசரமாக உட்கார்ந்தார். புத்தகத்தை அவர் முன் வைத்தேன்.

நூற்றறுபது ஆண்டுப் பழைய சண்டைப் புத்தகம் அது. பஸ்கா பண்டிகைக்கான புளிப்பில்லா அப்பத்தை இயந்திரத்தில் செய்யலாமா, கையால்தான் தேய்க்க வேண்டுமா என்று எங்கள் யூத மதகுருக்களான ரபிகள் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

எருசலேமில் பழைய புத்தகம் விற்கும் எனக்கு இந்த வகைமேல் தனி ஆசை. இவை ஏன் அபூர்வம் என்றால், எதிர்த்தரப்பு கைக்குக் கிடைத்த பிரதிகளையெல்லாம் எரித்துவிடும். சொந்தத் தரப்போ புரட்டிப் புரட்டியே கந்தலாக்கிவிடும். நான் பார்த்தவரையில், பக்கம் குலையாத பிரதி ஏதாவது ஓர் எதிராளியின் வீட்டிலிருந்துதான் வருகிறது. மறுப்பு எழுதுவதற்காக அவன் அதைப் பத்திரமாக வைத்திருப்பான்.

இந்தப் பிரதிக்கு இரண்டு எதிராளிகள். நப்தலி ஒருவர். ஆண்ட்வெர்ப்பில் வசிக்கும் அவர் தம்பி அன்ஷெல் இன்னொருவர்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், தகப்பனாரின் பஸ்கா மேசையில் அன்ஷெல் ஒரு பெட்டி இயந்திர அப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். இனி பேச மாட்டோம், கடிதம் எழுத மாட்டோம் என்று அன்றே இருவரும் சத்தியம் செய்துவிட்டார்கள்.

புத்தகத்தின் ஓரத்தில் எழுத மாட்டோம் என்று சத்தியத்தில் இல்லை.

ஆகவே நப்தலி ஓரத்தில் ஒரு வாதம் எழுதி என்னிடம் விட்டுப்போவார். நான் தபாலில் அனுப்புவேன். தம்பி அதன் கீழே மறுப்பு எழுதி எனக்கே திருப்புவார். பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. மை என்றால் காகிதத்தைத் தின்றுவிடும்.

தம்பியின் முதல் குறிப்பு 'கழுதையே' என்று ஆரம்பித்தது. அதைப் படித்த அன்று நப்தலி கடையில் இருந்த எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"இயந்திரத்தோட பல்லுல மாவு ஒட்டும், பதினெட்டு நிமிஷம் தாண்டினா புளிச்சிரும்னு மடக்கியிருந்தேன். பய தவிச்சிருப்பான்" என்றபடி பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

நான் ஏணியில் ஏறி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு தட்டைத் துடைத்தேன்.

ஓரத்தில் அவர் வாதத்துக்குக் கீழே ஒரே வரிதான் இருந்தது. 'அண்ணா, நீங்கள் சொல்வதே சரி.'

இரண்டு முறை படித்தார். பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டார்.

"கெட்ஸல், எப்போ?"

"எது எப்போங்க?"

"என் தம்பி எப்போ செத்தான்?"

துணியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன்.

"எழுத்தை நல்லாத்தான் சாய்ச்சிருக்க. அவன் கை மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒத்துக்கிறதாவது, அவனாவது! எத்தனை நாளாச்சு, சொல்லு."

சாவுச் செய்தி முப்பது நாளுக்குள் காதில் விழுந்தால் ஏழு நாள் வீட்டில் உட்கார்ந்து துக்கம் அனுசரிக்க வேண்டும். முப்பதைத் தாண்டி விழுந்தால் ஒரே ஒரு மணி நேரம் போதும். அதுதான் எங்கள் சட்டம்.

அவருக்கு எண்பத்தொரு வயது. இதயம் சரியில்லை. ஒரு மணி நேரம் என்றால் தாங்குவார் என்று நினைத்தேன். பதில் எழுதப்படாமலே திரும்பி வந்த புத்தகத்தோடு, சாவைச் சொல்லி அன்ஷெலின் மனைவி அனுப்பிய துண்டுச் சீட்டைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சீட்டைக் காட்டுவதற்கு முன்னால், அவர் கேட்க ஏங்கிய வார்த்தையை ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று பென்சிலைச் சீவினேன்.

"இன்னைக்கு முப்பது" என்றேன்.

"முப்பதா?" அவர் முகத்தில் வந்தது நிம்மதி. "நல்லவேளை. நாளைக்குச் சொல்லியிருந்தா ஏழு நாளையும் திருடியிருப்பியே, பாவி."

சாவுச் செய்தி கேட்டவர் உடுத்திய துணியைக் கிழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். எழுந்து நின்று கோட்டின் வலப்பக்கத்தைப் பிடித்துக் காட்டினார். காகிதம் வெட்டும் கத்தியால் கொஞ்சம் கீறிவிட்டேன். மீதியை அவரே இழுத்துக் கிழித்தார். பழைய துணி, சத்தமே வரவில்லை.

பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். துக்கத்தில் இருப்பவர் இப்படிப்பட்ட வாதங்களைப் படிக்கக் கூடாது, அவை மனதுக்குச் சந்தோஷம் தரும் என்பதால்.

"எட்டாம் நாள் வர்றேன். அதுக்குள்ள அந்த வரியை அழிச்சிரு."

"சரிங்க."

கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அழிச்சிட்டு ஒழுங்கா எழுது. கழுதையேன்னு ஆரம்பி."