இரண்டு வட்டங்கள்

எந்தக் கணக்கில் நுழைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மடிக்கணினித் திரையில் இரண்டு வட்டங்கள் நின்றன. ஒன்று அருள்மேரியின் சொந்தக் கணக்கு. அதில் படமில்லை, அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும். மற்றது அலுவலகக் கணக்கு. அதில் முன்பல் விழுந்த வாயோடு மகள் ஜெனிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சொந்தக் கணக்கில் இடம் நிறைந்துவிட்டதென்று எச்சரிக்கை வந்தபோது மகள் உயிரோடிருந்தாள். அலுவலகக் கணக்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மகளின் வீடியோக்கள் எல்லாவற்றையும் அருள்மேரி அங்கே மாற்றிவைத்தாள். போன மாதம் அவளை வேலையை விட்டு எடுத்தார்கள். கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் கணக்கையும் மூடிவிட்டார்கள். வேலை போனதை மட்டும் கணவன் எட்வினிடம் சொன்னாள்.

இன்று ஜெனிட்டாவுக்கு எட்டு வயது ஆகியிருக்கும். எட்வின் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அந்த மீன்தொட்டி வீடியோவப் போடு மேரி. இவ்வளவு நாளா எனக்குத் தைரியம் வரல.”

அவள் விரல் தானாக மகளின் முகத்தை அமுக்கியது. கடவுச்சொல் கேட்டது, அடித்தாள். இந்தக் கணக்கு இப்போது இல்லை என்றது திரை.

எட்வின் மெல்லச் சிரித்தான். “அது உன் ஆபீஸ் அக்கவுண்ட்டும்மா. அவ மூஞ்சியப் பாத்துட்டு மாத்தி அமுக்கிட்ட. நம்மளோடத அமுக்கு.”

அவள் அம்புக்குறியை எழுத்து இருந்த வட்டத்துக்கு நகர்த்தினாள். உள்ளே கரண்ட் பில்லும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளும்தான் இருந்தன. எட்வின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தான்.