சேர்த்து ஊற்றக் கூடாது

“கிளை விட்டிருச்சு! எல்லாம் என் கால்சியத்தோட மகிமை!” மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அப்பா குதித்தார். பவளத்தின் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாய் ஒரு முளை.

“அப்போ காரத்தன்மைக்குன்னு நான் ஊத்தறது வெறும் தண்ணியா?” அவரை இடித்துத் தள்ளிவிட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

தொட்டியைப் பார்க்க வந்திருந்த வளர்ப்பு மீன் கடைக்காரர் சிரித்தார். “ரெண்டும் இருந்தாத்தான் சார் அது வளரும். ஆனா ஒண்ணா ஊத்தினா சுண்ணாம்பாத் திரிஞ்சு போயிடும்.”

“அதான் காலையில நான், சாயங்காலம் இவ. ஒரு நாள் தவறினதில்ல!” என்றார் அப்பா பெருமையாக.

கடைக்காரர், அருகில் நின்ற அவர்களுடைய மகள் பக்கம் திரும்பினார். “தானா மருந்து ஊத்தற மோட்டார் வாங்கிட்டுப் போனீங்களேம்மா, ரிப்பேரா?”

“ஐயோ, மெதுவா!” மகள் அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “பெட்டியையே பிரிக்கல. பரண் மேல ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“ஏம்மா?”

“இவங்க ரெண்டு பேருக்கும் விவாகரத்தானப்போ எல்லாத்தையும் பங்கு போட்டுக்கிட்டாங்க. தொட்டியை மட்டும் பிரிக்க முடியாம என் வீட்டுல வெச்சாங்க. மருந்து ஊத்தத்தான் ஆளுக்கொரு நேரம் வர்றாங்க. இன்னிக்குத்தான் கிளையைக் காட்டறேன்னு ரெண்டு பேரையும் ஒண்ணா வரவெச்சேன்.”

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் எகிறியது.

“அவ்வளவு சந்தேகம்னா, சாயங்காலம் வரைக்கும் இருந்து நான் ஊத்தறதைப் பார்த்துட்டுத்தான் போங்களேன்!”